சாக்கில் உருளைக்கிழங்கு வளர்த்தல்

உருளைக்கிழங்கு குளிர்ந்த இரவை வேண்டி நிற்கும் பயிர். இரவு வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியசிற்கு மேற்படின் செடி தழைக்குமேயன்றிக் கிழங்கு நன்கு திரளாது. ஆகவேதான் நம் நாட்டில் நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் அது பெரும்பயிராயிற்று. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் ஆண்டின் குளிர்ந்த மாதங்களைப் பயன்படுத்தியே அதனைத் தாழ்நிலத்தில் விளைவிக்கின்றனர். விக்ரோறியா நீர்த்தேக்கத்தை அடுத்த தெல்தெனியப் பகுதியினரும் அவ்வழியையே பின்பற்றல் வேண்டும். நவம்பர்க் கடைசியில் நட்டால் சனவரி மாதத்துக் குளிரிற் கிழங்கு திரளும். மலைநாட்டு விளைவை இங்கு எதிர்பார்த்தலாகாது. வீட்டுக் கறிக்கு உதவுமளவே கிடைக்கும்.

நிலமிருக்கச் சாக்கில் நடுவதேன் எனக் கேட்கலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் பயிரிட்ட மண்ணிற் பற்றீரியா வாடல் நோய்க் கிருமி ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கும். வெப்பமான இடங்களில் அது மிகக் கொடியது. தெளித்துத் தீர்க்கும் மருந்தும் இல்லை. பல போகங்கள் நெல் மாத்திரமே விளைந்த வயலின் மண் இதற்குப் பெரிதும் பாதுகாப்பானது. நீர் தேங்கிய சேற்றில் இக்கிருமி குன்றிவிடும். அம்மண் இறுகும் இயல்புடையதாகையால், நன்கு மக்கிய கூட்டெருவையும் உமிக்கரியையும் தாராளமாகக் கலந்துகொள்க.

கழுவிய உரப்பையொன்றின் அடியிற் பல துளைகளிட்டுக் கற்களின்மேல் வைத்து, வாயை வெளிப்புறமாகச் சுருட்டி விடுக. 20 சென்றிமீற்றர் உயரத்துக்கு மண்கலவை நிரப்பி, முளைவிட்ட இரண்டு விதைக்கிழங்குகளை வைத்து 10 சென்றிமீற்றர் மண்ணால் மூடுக. செடி வளர வளரச் சாக்கை விரித்து இருமுறை மண் அணைத்தல் போதும். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கு நஞ்சுடையது. அதனைத் தடுத்தலே மண் அணைப்பதன் முதன்மையான நோக்கம். மேலும் மேலும் மண்ணிட்டால் அடுக்கடுக்காகக் கிழங்கு காய்க்கும் என்பது வீண் நம்பிக்கை. நீரை இலைமேல் ஊற்றாது அடியில் ஊற்றுக. இலை ஈரமாயிருப்பின் பின்வெளிறல் நோய் விரைந்து பரவும்.

கடையில் விற்கும் கறிக்கிழங்கை விதையாக நடற்க. நோய் பெரும்பாலும் விதைக்கிழங்குடனேயே வருகின்றது. சான்று பெற்ற விதைபற்றிக் கமநல சேவை நிலையத்தில் விசாரித்தறிக.

நீரிருந்தும் செடி திடீரென வாடினால், தண்டின் அடியை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுக. சில நிமிடங்களிற் பால்போன்ற நூல் இறங்கினால் அது வாடல் நோயே. அச்செடியைக் கிழங்குடன் எரித்துவிடுக. மண்ணைத் தோட்டத்திலோ எருக்குழியிலோ வாய்க்காலிலோ கொட்டாது, பயிரில்லாத மேட்டிடத்தில் ஆழப் புதைக்க. ஒரு சாக்கு மண் அயலவரின் கத்தரித் தோட்டத்தையும் கெடுக்க வல்லது.

ஏறத்தாழ மூன்று மாதத்தில் இலை மஞ்சளித்துச் சாயும். அப்போது நீர் நிறுத்தி, இரு வாரத்தின் பின் சாக்கைக் கவிழ்த்துக் கிழங்கெடுக்கலாம். நோயற்ற மண்ணாயின் அடுத்து அதில் போஞ்சியோ கீரையோ இடுக. தக்காளியும் கத்தரியும் வேண்டா.