தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் வேலை

2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு அங்கன்வாடி மையங்களுக்கு 7,783 பேரை எடுக்கும் அறிவிப்பு வந்தபோது, சான்றிதழ்களைப் பையில் போட்டுக்கொண்டு ஏராளமான பெண்கள் ஜெராக்ஸ் கடைகளுக்கு ஓடினார்கள். பிளஸ் டூ முடித்தவர் பணியாளர் ஆகலாம், பத்தாம் வகுப்பு தேறியவர் உதவியாளர் ஆகலாம். பணியாளருக்கு முதல் 12 மாதம் தொகுப்பூதியம் 7,700 ரூபாய், அதன்பிறகு 7,700 - 24,200 என்ற சிறப்புக் காலமுறை ஊதியம். உதவியாளருக்கு 4,100 ரூபாயில் தொடக்கம். விண்ணப்பிக்க வந்தவர்கள் வயது வரம்பு, இனச்சுழற்சி, சம்பளம் எல்லாவற்றையும் விசாரித்தார்கள். உள்ளே போனால் செய்ய வேண்டிய வேலை என்ன என்று கேட்டவர்கள் குறைவு.

அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறையில் மேற்பார்வையாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான்.

அங்கன்வாடிகளை நடத்தும் இந்தத் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று, நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் சோதனை முறையில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 434 வட்டாரங்களில் 54,439 மையங்கள் இருக்கின்றன. அவற்றில் 49,499 முதன்மை மையங்கள், மீதி 4,940 குறு மையங்கள். மையத்தில் உதவியாளரும் பணியாளரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே மேற்பார்வையாளர், அவருக்கு மேலே குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், மாவட்டத்துக்கு ஒரு திட்ட அலுவலர், எல்லோருக்கும் மேலே சென்னை தரமணியில் இயக்குநரகம். ஒவ்வொரு படி ஏறும்போதும் சம்பளம் கூடும், குழந்தை கண்ணில் படுவது குறையும். கோப்பும் கணினியும் அந்த இடத்தை நிரப்பிவிடும். அந்தத் தூரத்தைத் தானாக முயன்று தினமும் குறைத்துக்கொள்கிறவர்தான் இந்தத் துறையில் நல்ல அலுவலராக இருக்கிறார். நான் பார்த்தவரை இதற்கு விதிவிலக்கு இல்லை.

கீழ்ப் படியில் இருப்பதாலேயே உதவியாளர் வேலையைச் சின்னதாக நினைக்கிறார்கள். ஊர் அவரை ஆயாம்மா என்கிறது. காலையில் தெருத்தெருவாகப் போய் வராத பிள்ளைகளைக் கூட்டி வருவது, அரிசி பருப்பு களைந்து கலவை சாதம் செய்வது, வாரம் மூன்று நாள் முட்டை வேகவைத்து உரித்துக் கொடுப்பது, கை கால் கழுவிவிடுவது எல்லாம் அவர்தான். எந்தப் பிள்ளை இரண்டு நாளாகச் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோகிறது என்று பணியாளருக்கு முன்பே அவருக்குத் தெரியும். புதிதாகப் பணியாளராகச் சேருகிறவர்கள் முதல் நாளே ஆயாம்மாவோடு உட்கார்ந்து ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த வீட்டில் அம்மா செங்கல் சூளைக்குப் போகிறார், எந்த வீட்டில் பாட்டி மட்டும் இருக்கிறார் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

ஊர் டீச்சர் என்று கூப்பிடும் பணியாளரின் நாள் நெருக்கமானது. துணை உணவு, முன்பருவக் கல்வி, சத்துணவு மற்றும் சுகாதாரக் கல்வி, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல் ஆகிய ஆறும் திட்டத்தின் சேவைகள். இவற்றில் பின் மூன்றை கிராம சுகாதார செவிலியரோடு சேர்ந்து செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துமாவு கொடுக்க வேண்டும். 2021-இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் அன்றன்றைக்குப் பதிவு போட வேண்டும், வீட்டுக்குக் கொடுக்கும் உணவுக்கு முகத்தைப் படமெடுத்து அடையாளம் சரிபார்க்க வேண்டும். நெட்வொர்க் கிடைக்காத மலைக் கிராமத்தில் போனைத் தூக்கிப் பிடித்தபடி மேட்டில் நிற்கும் டீச்சர்களைப் பார்த்திருக்கிறேன். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலையும் பலருக்குச் சேர்ந்துகொள்ளும்.

இத்தனைக்கும் நடுவே மூன்று வயதுக் குழந்தைக்குக் கற்றுக் கொடுக்கவும் வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் இருக்கிறது. ஆண்டு முழுவதற்கும் மாதத்துக்கு ஒரு கருப்பொருள், அதையொட்டிப் பாட்டு, கதை, விளையாட்டு, செயல்பாட்டுப் புத்தகம் என்று நன்றாகவே வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் பெற்றோர் வந்து, “இன்னும் ஏபிசிடி எழுதத் தெரியலையே டீச்சர்” என்பார்கள். அதற்குப் பயந்து சிலேட்டைக் கையில் திணிக்கும் மையம் கெட்டுப்போகும். கொட்டாங்குச்சியில் மணல் அள்ளிக் கொட்டுகிற விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகிறது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் செய்து காட்டிப் புரியவைக்கிற டீச்சருக்கு, ஊர் மெதுவாகக் காது கொடுக்கும். 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியதற்குப் பின்னணியில் இருந்ததும் இந்தப் பெற்றோரின் ஏக்கம்தான். நோக்கம் நல்லது. பள்ளிக் கல்வித் துறை, எங்கள் துறை என இரண்டு துறைகள் ஒரே குழந்தையைப் பங்கு போட்டுக்கொள்ளும்போது யார் பொறுப்பு என்பதைத் தெளிவாக எழுதி வைக்காவிட்டால் டீச்சர்தான் நடுவில் மாட்டிக்கொள்வார்.

இந்த வேலையின் உயிர் எடையும் உயரமும் எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1980-இல் உலக வங்கி உதவியோடு மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவு கொடுத்தது. தராசு சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கும் பழக்கம் அப்போதே இங்கே வந்துவிட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு மையம். ஒரு வயது தாண்டிய பெண் குழந்தை. இரண்டு வயது முடியாத குழந்தையை நிற்க வைத்து அளக்கக் கூடாது, இன்ஃபன்டோமீட்டர் பலகையில் படுக்க வைத்துத்தான் நீளம் எடுக்க வேண்டும். முதலில் தண்டையையும் கனமான சட்டையையும் கழற்றினார்கள். ஆயாம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, உச்சந்தலை பலகையைத் தொடும்படி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் முழங்காலை மெல்ல அழுத்திக் காலை நீட்டி, பாதம் செங்குத்தாகப் படும்படி நகரும் பலகையைத் தள்ளினார். குழந்தை முழங்காலை மடக்கிக்கொண்டு வீறிட்டது.

“அழுவுது டீச்சர், போன மாசத்தையே போட்டுக்கோங்க” என்றார் அம்மா.

“போன மாசத்துது போன மாசத்துக்கும்மா. இந்த மாசம் பாப்பா வளர்ந்திருக்கான்னு நமக்குத் தெரிய வேண்டாமா?” என்று சொல்லிவிட்டு, குழந்தையை அம்மா மடியில் கொடுத்து அழுகை அடங்கும்வரை காத்திருந்தார் டீச்சர். மறுபடி படுக்க வைத்து அளந்தார். நோட்டில் ஏறியது அந்த இரண்டாவது அளவுதான்.

அந்தக் காத்திருப்புக்கு யாரும் ஊக்கத்தொகை கொடுப்பதில்லை. ஆனால் அந்த எண்ணை நம்பித்தான் உயரத்துக்கேற்ற எடை கணக்கிடப்படுகிறது, அதை நம்பித்தான் குழந்தை மருத்துவரிடம் போகிறது. கைச் சுற்றளவு நாடாவிலும் அப்படியே. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு, 11.5-லிருந்து 12.5-க்குள் என்றால் மிதமானது. நாடாவை இறுக்கிப் பிடித்தாலோ தளர விட்டாலோ ஒரு குழந்தை பட்டியலுக்குள் வரும் அல்லது வெளியே போகும். 2022-இல் நீலகிரியில் தொடங்கி, 2024 நவம்பரில் அரியலூரில் இரண்டாம் கட்டம் கண்ட ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் முழுவதும் இந்த அளவுகள் மேல்தான் நிற்கிறது.

மேற்பார்வையாளர் பதவிக்கு இரண்டு வழிகள். மனையியல், ஊட்டச்சத்தியல் போன்ற பட்டம் பெற்றவர்கள் நேரடியாக வரலாம். அனுபவமும் தகுதியும் உள்ள பணியாளர்கள் பதவி உயர்விலும் வரலாம். மத்திய அரசின் சக்‌ஷம் அங்கன்வாடி - போஷன் 2.0 வழிகாட்டுதலில், மேற்பார்வையாளர் இடங்களில் பாதியை ஐந்தாண்டு அனுபவமுள்ள பணியாளர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்றே இருக்கிறது. மையத்தில் அடுப்புப் புகையில் நின்றவர் மேற்பார்வைக்கு வரும்போது அவரை ஏமாற்றுவது கடினம். பட்டத்தோடு நேராக வருகிறவர்கள் அந்த அனுபவத்தைத் தேடிப் போய்த்தான் சேர்க்க வேண்டும்.

அவர்களுக்காகச் சில குறிப்புகள். ஒரு மேற்பார்வையாளர் கையில் ஏறத்தாழ 25 மையங்கள் இருக்கும். எடைப் பதிவேட்டை வாங்கியதும் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். 10.0, 11.5, 12.0, 9.5 என்று எல்லாமே முழு எண்ணிலும் அரையிலும் நின்றால் அந்த மாதம் தராசு எடுக்கப்படவே இல்லை என்று சந்தேகப்படலாம். உண்மையான எடை 10.3 என்றும் இருக்கும், 11.7 என்றும் இருக்கும். அடுத்து, போன மாதத்தைவிட உயரம் குறைந்த குழந்தைகளைத் தேடுங்கள். இரண்டு வயது முடிந்து முதல்முறை நிற்க வைத்து அளக்கும்போது சுமார் 0.7 செ.மீ. குறைவாக வருவது இயல்பு, மற்றபடி எந்தக் குழந்தையும் குள்ளமாவதில்லை. மூன்றாவது, முட்டைக் கணக்கையும் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

தவறு தெரிந்தால் அம்மாக்கள் முன்னால் டீச்சரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்த ஊரில் அவர் சொல்லுக்கு இருக்கும் மரியாதைதான் தடுப்பூசி நாளன்று கூட்டம் சேர்க்கிறது. தராசை எடுத்து வந்து நாலு குழந்தைகளைச் சேர்ந்து எடை போட்டுவிட்டு, கிளம்பும்போது தனியாகப் பேசினால் போதும்.

குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரின் உலகம் வேறு. ஒரு வட்டாரம் முழுவதும் அவர் பொறுப்பு. வாடகைக் கட்டடம், ஒழுகும் கூரை, தண்ணீர் வராத கழிப்பறை, காலிப் பணியிடம், நிலுவைப் பட்டியல் என்று நாள் ஓடிவிடும். இந்தப் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு வழியாகவும் பதவி உயர்விலும் வருகிறார்கள். வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் வட்டார மருத்துவ அலுவலரிடமும் நல்லுறவு வைத்துக்கொள்ளத் தெரியாதவர் இங்கே எதையும் சாதிக்க முடியாது. நான் மதித்த ஓர் அதிகாரி, மாதக் கூட்டத்தைச் சதவீதத்தோடு தொடங்க மாட்டார். கடுமையான குறைபாட்டுப் பட்டியலில் இருக்கும் குழந்தைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து, யார் கடைசியாக அந்த வீட்டுக்குப் போனது என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே மேற்பார்வையாளர்கள் வீடு வீடாகப் போனார்கள்.

குழந்தைகளோடு வேலை செய்ய ஆசை, ஆனால் சமூகப் பணி, உளவியல், சட்டம் படித்திருக்கிறேன் என்பவர்களுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. பாதுகாப்பு அலுவலர், சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், களப்பணியாளர் என்று பல பணியிடங்கள். பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படை, அதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அமைந்த குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒரு குழந்தை கொண்டுவரப்படும்போது, இவர்கள் எழுதும் சமூக விசாரணை அறிக்கைதான் அந்தக் குழந்தை வீட்டுக்குப் போவதா இல்லத்துக்குப் போவதா என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. அலுவலக நாற்காலியில் இருந்து அந்த அறிக்கையை எழுத முடியாது. அக்கம்பக்கத்தில் விசாரித்து, பள்ளிக்குப் போய், குழந்தையிடம் தனியாகப் பேசி எழுத வேண்டும். துயரமான கதைகளைத் தினமும் கேட்கும் வேலை இது. வீட்டில் பேச ஆள் இருப்பவர்கள், தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

உரிமைகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 முதல் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய்தான். தமிழ்நாட்டில் கிடைக்கும் காலமுறை ஊதியம் சங்கங்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது. இருந்தும், ஒரு தலைமுறையின் உடலையும் மூளையையும் வளர்க்கும் கைக்கு இந்தச் சம்பளம் போதாது என்பதே என் கருத்து.

அடுத்த அறிவிப்பு வரும் முன் இருப்பிடச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஆதரவற்ற விதவை என்றால் வருவாய்த் துறைச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், உங்கள் தெருவில் இருக்கும் மையத்தின் டீச்சரிடம் அனுமதி கேட்டு, எடை போடும் நாளில் ஒருமுறை போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். அந்த இரைச்சலும் அழுகையும் உங்களுக்குப் பிடித்திருந்தால் விண்ணப்பியுங்கள்.