காற்றை முகரும் பொற்றுகள்

நுழையும்முன்

சமையலறையில் எரிவளி கசிந்தால் அதனை முதலில் அறிவிப்பது மூக்கு. மூக்கு அறிய இயலாத ஆவியை அறிவிப்பது எது? பொன்னால் ஆன மெல்லிய படலம் ஒன்று அப்பணியைச் செய்யவல்லது. அது செயற்படும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மூக்கு என்னும் காவலன்

சமையல் எரிவளிக்குத் தனக்கென மணம் இல்லை எனலாம். அது கசிவதை வீட்டார் உடனே உணர வேண்டும் என்பதற்காகவே, எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தை அதில் மிகச் சிறிதளவு கலக்கின்றனர். அதன் கடுநெடியே வீட்டாரை எச்சரிக்கிறது.

மூக்கு நல்ல காவலன். ஆயினும் எப்போதும் விழித்திருக்கும் காவலன் அன்று. பெங்களூருவில் நாள்தோறும் புதிய கட்டடங்கள் எழுகின்றன. அவற்றுக்கு வண்ணம் பூசும் தொழிலாளர், வண்ணத்தை இளக்குவதற்குத் தின்னர் என்னும் நீர்மத்தைக் கலக்கின்றனர். தின்னர் பலவற்றில் டொலுவீன் என்னும் வேதிப்பொருள் உண்டு. அறைக்குள் நுழைந்தவுடன் அதன் நெடி மூக்கைத் துளைக்கும். சிறிது நேரத்தில் மூக்கு அந்நெடிக்குப் பழகிவிடும். நெடி குறைந்தது போலத் தோன்றும், ஆவியோ குறைவதில்லை. அடைத்த அறையில் அதனை நெடுநேரம் சுவாசித்தால் தலைவலியும் மயக்கமும் உண்டாகும். நாள்பட நரம்புகளும் பாதிப்புறும்.

பாதாளச் சாக்கடையில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு இதனினும் கொடியது. சிறிதளவாக இருக்கும்போது அது அழுகிய முட்டையின் நாற்றத்தைத் தரும். அளவு மிகும்போது முகரும் நரம்பையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பிக் குழிக்குள் இறங்கியோர் பலர் மீளவில்லை. சாக்கடைக்குள் பாதுகாப்புக் கருவியின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. பழகிப்போகாத, மரத்துப்போகாத மூக்கு ஒன்று இத்தகைய இடங்களில் தேவைப்படுகிறது.

பொன்னின் மறுவடிவம்

பெங்களூருவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் கோலார் தங்கவயல் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பலர் அங்குக் குடியேறினர். அவர்களும் அவர்தம் வழியினரும், சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்படும் வரை, பாறையை உடைத்துப் பொன் எடுத்தனர். அவர்கள் கண்டது மஞ்சள் நிறப் பொன். பொன்னை மிக நுண்ணிய துகள்களாக்கினால் அதன் இயல்பே மாறும். மைக்கேல் ஃபாரடே 1857ஆம் ஆண்டில் பொன் துகள்களை நீரில் பரவச் செய்தபோது, அந்நீர் மாணிக்கச் செந்நிறம் கொண்டது.

ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு, ஒரு நானோமீட்டர் எனப்படும். 1998ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர்களான ஹென்றி வோல்ட்ஜன், ஆர்தர் ஸ்னோ ஆகியோர் ஏறத்தாழ 2 நானோமீட்டர் அளவுள்ள பொன் துகள்களைக் கொண்டு ஆவியை உணரும் படலம் ஒன்றை அமைத்தனர். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் எனக் கொண்டால், அதன் குறுக்கே அத்தகைய துகள்கள் 40,000 வரிசையாக நிற்கலாம்.

இடைவெளியே உணரும் உறுப்பு

துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலுறை வேண்டும். தையால் என்னும் கந்தகச் சேர்மங்கள் அவ்வுறையாகின்றன. எரிவளியில் கலக்கப்படும் எத்தில் மெர்காப்டனும் தையால் இனத்தைச் சேர்ந்ததே. தையாலில் உள்ள கந்தகம் பொன்னை இறுகப் பற்றிக்கொள்ளும். எண்ணெய்த் தன்மையுடைய அதன் வால் வெளிப்புறமாக நீண்டிருக்கும்.

உறையிட்ட துகள்களை இரு மின்முனைகளுக்கு இடையே மெல்லிய படலமாகப் பரப்புவர். எலக்ட்ரான்கள் ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்கு இடைவெளியைத் தாவிச் செல்லும். கூட்டம் மிகுந்த பேருந்தில் பின்னால் நிற்பவர் தரும் கட்டணம், கைமாறிக் கைமாறி நடத்துநரைச் சென்றடைவது போன்றது இது. பயணிகளுக்கு இடையே பெரிய மூட்டைகளை வைத்தால் கைகள் எட்டா; பணம் செல்வதும் தடைப்படும்.

டொலுவீன் ஆவி படும்போது படலத்திலும் இதுவே நிகழ்கிறது. ஆவி எண்ணெய்த் தன்மையுள்ள உறைக்குள் கரைந்து புகும், உறை உப்பும், துகள்கள் சற்றே விலகும். இடைவெளி மிகச் சிறிதளவு கூடினாலும் எலக்ட்ரான்களின் தாவல் பெரிதும் குறையும். மின்னோட்டம் குறைவதைக் கண்டு ஆவி வந்ததை அறியலாம். தூய காற்று வீசினால் ஆவி வெளியேறும்; மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்பும். இங்குப் பொன் மின்னோட்டத்துக்கு வழி தருகிறது. ஆவியை உணர்வதோ துகள்களின் இடைவெளி.

ஓர் எழுத்து சொல்லாகாது

இப்படலத்துக்கும் ஒரு குறை உண்டு. உறைக்குள் கரையும் ஆவிகள் பல. ஆதலால், புகுந்தது டொலுவீனா, பெட்ரோல் ஆவியா என்பதை ஒற்றைப் படலத்தால் பிரித்தறிய இயலாது. ‘ம’ என்னும் ஓர் எழுத்தைக் கண்டு ‘மரம்’, ‘மலர்’, ‘மழை’ ஆகியவற்றுள் எச்சொல் என அறிய முடியாததைப் போன்றது இது. எனவே, வெவ்வேறு உறைகள் கொண்ட பல படலங்களை ஒன்றாக அமைத்து, அவை அனைத்தின் மாற்றங்களையும் சேர்த்துப் படிப்பர். இவ்வமைப்பு மின்னணு மூக்கு எனப்படும். 2009ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் பொன் துகள் உணரிகள் ஒன்பதைக் கொண்டு, நுரையீரல் புற்றுநோயாளரின் மூச்சை நலமுடையோரின் மூச்சிலிருந்து வேறுபடுத்திக் காட்டினர்.

பெங்களூருவில் நிகழும் பணி

வளிகளை உணரும் கருவிகளை உருவாக்கும் பணி பெங்களூருவிலும் நடைபெறுகிறது. இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் நவகாந்த பட், வளிகளை மிக நுட்பமாக அளக்கும் உணரிகள் உள்ளிட்ட ஆய்வுகளுக்காக 2018ஆம் ஆண்டின் இன்ஃபோசிஸ் பரிசைப் பெற்றார். பெங்களூருவின் நானோ மற்றும் மென்பொருண்ம அறிவியல் மையத்து அறிவியலாளர்கள், சவூதி அரேபிய ஆய்வாளர்களுடன் இணைந்து, ஹைட்ரஜன் சல்பைடை அறியும் மின்னணு மூக்கு ஒன்றை உருவாக்கியது 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதில் பொன் துகளுக்கு மாறாகக் கரிமப் படலங்கள் பயன்படுகின்றன. பொருள் வேறாயினும் நோக்கம் ஒன்றே. சாக்கடைக் குழிக்குள் முதலில் இறங்க வேண்டியது கருவியே, மனிதன் அல்லன்.

அறிந்துகொள்க

வீட்டில் எரிவளி நெடி வந்தால் மின்விளக்கின் பொத்தானைத் தொடாதீர். கதவுகளையும் சன்னல்களையும் திறந்து, உருளையின் அடைப்பானை மூடுமாறு பெரியோரிடம் கூறுக. உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 1906.

சொற்பொருள்

எரிவளி – எரியும் வாயு
உணரி – மாற்றத்தை உணர்ந்து அறிவிக்கும் கருவி
படலம் – மெல்லிய ஏடு போன்ற பரப்பு
மின்முனை – மின்சாரம் நுழையும் அல்லது வெளியேறும் முனை

மொழி அறிவோம்

பொன் + துகள் = பொற்றுகள். பொன் + தாமரை = பொற்றாமரை என்பதும் இவ்வாறே புணரும்.

தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும். பொன் – ஹொன்னு. பால் – ஹாலு. பூ – ஹூவு.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. பொன்னை இறுகப் பற்றிக்கொள்வது தையாலில் உள்ள ________.
2. ஆவி புகுந்தால் உறை ________; மின்னோட்டம் ________.
3. புலி – ஹுலி. பல் – ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நெடி குறைந்தது போலத் தோன்றினாலும் வண்ணம் பூசுவோர் அறையில் தொடர்ந்து இருத்தல் ஏன் தீங்கானது?
2. பேருந்து உவமையில் பயணிகள், பணம், மூட்டைகள் ஆகியன எவற்றைக் குறிக்கின்றன?
3. ஒற்றைப் படலம் ஏன் போதாது?

இ. பெற்றோரிடம் கேட்டு எழுதுக.
அவர்கள் பணிபுரியும் இடத்தில் எழும் நெடிகள் யாவை? அவற்றிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள அவர்கள் செய்வன யாவை?