பூட்டானின் தண்ணீர், இந்தியாவின் பணம்: ஒரு நட்பின் கணக்கு

பவர் பிளான்ட் பேப்பர்ல நீர்மின் நிலையம்னு ஒரு யூனிட் வரும். பெல்டன், பிரான்சிஸ், கப்லான்னு மூணு படத்தை வரைஞ்சிட்டு நம்மில் பாதி பேர் அதைத் தாண்டிடுவோம். நானும் அப்படித்தான். செமினாருக்கு பூட்டானின் தாலா நீர்மின் நிலையத்தை எடுத்தபோதுதான், டர்பைனைவிட அதற்குப் பின்னால் இருக்கும் ஒப்பந்தம் சுவாரசியமானது என்று தெரிந்தது.

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்தியாவும் பூட்டானும் 1949-ல் நட்பு ஒப்பந்தம் போட்டன. வெளியுறவு விஷயங்களில் இந்தியாவின் ஆலோசனைப்படி பூட்டான் நடக்கும் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. 2007-ல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். 1958-ல் நேரு பூட்டான் போனபோது அங்கே வண்டி போகும் ரோடே கிடையாது. நாதுலா கணவாய் வழியா, திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கைத் தாண்டி, குதிரையிலும் யாக்கிலும்தான் போயிருக்கிறார். அடுத்த சில வருஷத்திலேயே இந்திய உதவியோட புன்ட்ஷோலிங்கில் இருந்து திம்புவுக்கு ரோடு வந்தது. ரோடு வந்தால்தானே சிமெண்டும் ஜெனரேட்டரும் மலை ஏற முடியும்?

1974-ல் சுக்கா திட்டத்துக்குக் கையெழுத்தானது. கொள்ளளவு 336 மெகாவாட். மொத்தச் செலவையும் இந்தியாவே கொடுத்தது: 60 சதவீதம் மானியம், 40 சதவீதம் கடன், வட்டி 5 சதவீதம். பூட்டான் பயன்படுத்தியது போக மிச்ச மின்சாரத்தை இந்தியா வாங்கிக்கொள்ளும். பணம் போடுபவரும் வாடிக்கையாளரும் ஒருவரே. பூட்டானிடம் பணம் இல்லை, ஆனால் மலையும் ஆறும் இருந்தன. இந்தியாவுக்கு மின்சாரம் தேவைப்பட்டது.

அதே வாங்சூ ஆற்றில், சுக்காவுக்குக் கீழே, 2006–07-ல் தாலா வந்தது. ஆறு யூனிட், ஒவ்வொன்றும் 170, மொத்தம் 1,020 மெகாவாட். ஹெட் 800 மீட்டருக்கு மேல், அதனால பெல்டன் வீல். தண்ணீரைக் கொண்டுபோக மலைக்குள் சுமார் 23 கிலோமீட்டர் சுரங்கம். P = ηρgQH-ல் ஹெட்டை 820, எஃபிஷியன்சியை 0.9 என்று போட்டுப் பாருங்க. வினாடிக்கு வெறும் 140 கன மீட்டர் தண்ணீர்தான் வரும். அவ்வளவு தண்ணியை வெச்சே ஆயிரம் மெகாவாட்! உயரம் செய்யும் வேலை அது.

ஒரு சிக்கலும் இருக்கு. இவை ரன்-ஆஃப்-ரிவர் வகை நிலையங்கள். பெரிய நீர்த்தேக்கம் கிடையாது, வரும் தண்ணியை வரும்போதே பயன்படுத்தணும். வீட்டு மாடியில் டேங்க் இல்லாமல் நேராகக் குழாயில் பிடிக்கிற மாதிரி. மழைக்காலத்தில் இந்தியாவுக்கு விற்கும் பூட்டான், குளிர்காலத்தில் ஆறு சுருங்கும்போது இந்தியாவிடமே வாங்குது.

இன்னொரு விஷயம் கரன்சி. பூட்டானின் நூல்ட்ரமும் நம்ம ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று. கடன் ரூபாயில், மின்சார வருமானமும் ரூபாயில். அதனால் டாலர் ஏறினாலும் இந்தக் கடன் வீங்காது. வெளிநாட்டுக் கடன் வாங்கித் திணறும் நாடுகளின் செய்தியைப் படிச்சவங்களுக்கு இதன் அருமை புரியும். ஆனா இதிலும் ஒரு மறுபக்கம் உண்டு. நூல்ட்ரமை அச்சடிக்கலாம், ரூபாயை அச்சடிக்க முடியாது. இறக்குமதியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவதால், 2012-ல் பூட்டானுக்கு ரூபாய்த் தட்டுப்பாடே வந்துவிட்டது.

என்னை யோசிக்க வைத்தது மானிய விகிதம். தாலாவுக்கும் 60:40தான், ஆனால் வட்டி 9 சதவீதம். 720 மெகாவாட் மாங்டேசூவுக்கு வரும்போது மானியம் 30, கடன் 70, வட்டி 10 என்று ஆகிவிட்டது. இது நட்பு குறைந்ததன் அடையாளமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாங்டேசூ 2019-ல் ஓடத் தொடங்கியது, யூனிட்டுக்கு 4.12 ரூபாய் என்று விலையும் பேசி முடித்தார்கள். வேலை நேரத்துக்கு முடிந்தால் இந்தக் கணக்கு தாங்கும்.

முடியாவிட்டால்? 1,200 மெகாவாட் புனாட்சாங்சூ-1-ஐப் பாருங்கள். 2013-ல் அணை கட்டும் இடத்தில் வலது கரைச் சரிவு நகர ஆரம்பித்தது. அணை வேலை பல வருஷம் முடங்கியது. 2020-க்குள் 10,000 மெகாவாட் என்று இரு நாடுகளும் வைத்த இலக்கும் எட்டவில்லை. மாதிரிக்கு ஒரு கணக்கு: 100 ரூபாய் கடன், கூட்டு வட்டி, பத்து வருஷம் தாமதம். 5 சதவீதத்தில் அது 163 ஆகும். 10 சதவீதத்தில் 259. ஜியாலஜி ரிப்போர்ட்டில் விட்ட ஒரு பிழை ஒரு நாட்டோட கடன் கணக்கு வரைக்கும் போகும். சிவில் நண்பர்களே, ஜியாலஜி பேப்பரை 'ஈஸி பாஸ்'னு சொல்றதை இனிமே கொஞ்சம் நிறுத்திக்கலாம்.

இவ்வளவுக்கும் யாரும் கோபித்துக்கொண்டு ஒப்பந்தத்தைக் கிழிக்கவில்லை. பக்கத்திலேயே 1,020 மெகாவாட் புனாட்சாங்சூ-2 வேலை தொடர்ந்தது, 2025-ல் திறப்பு விழாவும் நடந்தது. நான் இந்த உறவைப் பாராட்டுவது அதற்காகத்தான். ஆனால் இந்த விலைகள் எல்லாம் கட்டுமானச் செலவை வைத்துப் போடப்படுபவை. புனாட்சாங்சூ-1 ஒருநாள் முடியும்போது, தாமதத்துக்கான வட்டியையும் சேர்த்து யூனிட் விலை போட்டால் இந்தியா வாங்குமா? சேர்க்காமல் போட்டால் பூட்டான் கடனை எப்படிக் கட்டும்? அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில்தான் இந்த நட்புக்கு உண்மையான லோடு டெஸ்ட்.