மணலில் பிறந்த கோடுகள்

நுழையும்முன்

கடையில் வாங்கிய பிஸ்கட்டுப் பொட்டலத்தின் பின்புறத்தைப் பாருங்கள். கறுப்புக் கோடுகள் சில மெலிந்தும் சில தடித்தும் நிற்கும். அவற்றின் அடியில் சில எண்கள் இருக்கும். நாம் கவனியாமல் கிழித்தெறியும் அந்தக் கோடுகளைக் கருவி ஒரு நொடியில் படித்துவிடுகிறது. அது எதைப் படிக்கிறது? எதைப் படிக்க இயலாது? இவ்விரு வினாக்களுக்கும் இப்பாடம் விடை தருகிறது.

குறியிடும் வழக்கம்

பொருளின்மீது குறியிடுவது தமிழருக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைக் காட்டுகிறது. அங்கே கடலிலிருந்து கரைக்கு வந்த பொருள்களும், கரையிலிருந்து கடலுக்குச் செல்லும் பொருள்களும் மலைபோல் குவிந்து கிடந்தன. சுங்கம் கொள்வோர் அவற்றின்மீது சோழரின் புலிச் சின்னத்தைப் பொறித்து வெளியே அனுப்பினர். புலிப்பொறி உள்ள மூட்டை அரசு பார்த்து ஒப்புக்கொண்ட மூட்டை என்பது அதன் பொருள்.

சலவைத் தொழிலாளர் துணியின் ஓரத்தில் இட்ட சிறு குறியும் இத்தகையதே. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. நூறு வீட்டுத் துணிகள் ஒரே துறையில் வெளுக்கப்பட்டாலும் அவை வீடு மாறாமல் திரும்பின. அந்தக் குறியில் வீட்டுக்காரரின் பெயர் இல்லை. எந்தக் குறி எந்த வீட்டுக்கு உரியது என்பது தொழிலாளரின் நினைவில் இருந்தது. குறி ஓரிடத்திலும் அதன் பொருள் வேறோரிடத்திலும் இருந்தன என்பதை நினைவில் கொள்வோம். இன்றைய கருவிகளுக்கும் இதுவே அடிப்படை.

கடற்கரையில் ஓர் எண்ணம்

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உணவுக்கடைகள் பலவற்றை நடத்திய நிறுவனத்தின் தலைவர் ஒருவர், டிரெக்சல் கல்வி நிறுவனத்திடம் ஒரு கோரிக்கை வைத்தார். விற்கும் பொருள்களின் விவரத்தைக் கருவியே தானாகப் படித்துக்கொள்ள வழி உண்டா என்பது அவர் கேள்வி. அதைத் தற்செயலாகக் கேட்ட பெர்னார்டு சில்வர் என்னும் மாணவர், தம் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் கூறினார்.

அக்கேள்வி உட்லண்டை விடவில்லை. மயாமிக் கடற்கரையில் ஒருநாள் அமர்ந்து அதைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்தார். சாரணர் இயக்கத்தில் சிறுவராக இருந்தபோது கற்ற மோர்ஸ் குறியீடு அவர் நினைவுக்கு வந்தது. புள்ளியும் கோடும் கொண்டு செய்தி அனுப்பும் முறை அது. அவர் தம் விரல்களை மணலில் ஊன்றித் தம்மை நோக்கி இழுத்தார். மணலில் நீண்ட கோடுகள் விழுந்தன. புள்ளிக்கு மெல்லிய கோடு, நெடுங்கோட்டுக்குத் தடித்த கோடு என்று வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கர்மாடாங் கடற்கரை மணலில் நாம் விளையாட்டாக இழுக்கும் கோடுகளைப் போன்றவையே அவை.

நண்பர்கள் இருவரும் 1952இல் காப்புரிமை பெற்றனர். ஆயினும் அவர்கள் எண்ணம் உடனே கடைக்கு வரவில்லை. கோடுகளைத் துல்லியமாகப் படிக்க ஏற்ற ஒளியும், படித்ததை விரைந்து கணக்கிடும் மலிவான கணினியும் அப்போது இல்லை. சீரொளி எனப்படும் லேசர் 1960இல் பிறந்தது. ஒகையோ மாநிலத்து டிராய் நகரக் கடை ஒன்றில், 1974 ஜூன் 26 அன்று, ஒரு சூயிங்கம் பொட்டலமே முதன்முதலாக இவ்வாறு படிக்கப்பட்டு விற்பனையானது. சில்வர் 1963இலேயே மறைந்துவிட்டார். தம் எண்ணம் கடைக்கு வந்ததை அவர் காணவில்லை.

பட்டைக்குறியீடு பேசும் முறை

கோடுகளால் எண்ணை எழுதும் முறை பட்டைக்குறியீடு எனப்படும். அதைப் படிக்கும் கருவி வருடி. வருடியிலிருந்து செந்நிற ஒளி கோடுகளின்மேல் விழுகிறது. கறுப்புக் கோடு ஒளியை விழுங்குகிறது. வெள்ளை இடைவெளி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கருவி எண்களாக மாற்றுகிறது. ஆகவே கோடுகளைப் போலவே அவற்றின் இடைவெளிகளும் எழுத்தே. வெள்ளைத் தாளில் செந்நிறக் கோடுகளை அச்சிட்டால் இவ்வகை வருடிக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

நம் நாட்டுப் பொருள்களின் குறியீட்டில் பெரும்பாலும் 13 இலக்கங்கள் இருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் 890 என்றால், அந்த எண் இந்தியாவில் வழங்கப்பட்டது என்று அறியலாம். பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது. நூல்களின் பின்னட்டையில் 978 என்று தொடங்கும்.

கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அதன் வேலை காவல். பயிற்சிக்காக 890123456789 என்னும் 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம்.

1. ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுக: 8 + 0 + 2 + 4 + 6 + 8 = 28.
2. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி 3ஆல் பெருக்குக: 9 + 1 + 3 + 5 + 7 + 9 = 34; 34 × 3 = 102.
3. இரண்டையும் கூட்டுக: 28 + 102 = 130.
4. இத்தொகை பத்தின் மடங்காக எவ்வளவு சேர்க்க வேண்டும்? 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு. எனவே சரிபார்ப்பு இலக்கம் 0.

கோடு ஒன்று கறைபட்டு, ஏழாம் இடத்து 4 என்னும் இலக்கம் 7 எனப் படிக்கப்பட்டால் தொகை 133 ஆகும். அது பத்தின் மடங்கன்று. வருடி அந்த எண்ணை ஏற்காது. தன் பிழையைத் தானே காணும் இந்த ஏற்பாடுதான் கருவியின்மீது நம்பிக்கை கொள்ளச் செய்தது.

ஒரே திசையில் செல்லும் கோடுகளில் மிகுதியாக எழுத இயலாது. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தைச் சேர்ந்த மசாகிரோ ஹாராவும் அவர் குழுவினரும் நெடுக்கிலும் குறுக்கிலும் தரவைத் தாங்கும் சதுரக் குறியீட்டை உருவாக்கினர். அதுவே கியூஆர் குறியீடு. தமிழில் விரைவுக்குறியீடு என்பர். அதன் மூன்று மூலைகளில் உள்ள கட்டங்கள், குறியீடு எப்பக்கம் திரும்பியிருந்தாலும் கருவிக்குத் திசை காட்டுகின்றன. தமிழ்நாட்டில் 2017 ஏப்ரல் முதல் வழங்கப்பட்ட மின்னணுக் குடும்ப அட்டையிலும் இக்குறியீடு உண்டு. நியாயவிலைக் கடையில் அதைக் காட்டித்தான் அரிசி வாங்குகின்றனர்.

ஏழுவரி ஆமையும் அரிசி மணி அளவு வில்லையும்

பட்டைக்குறியீட்டைக் கருவி கண்ணால் காண்பதுபோல் காண வேண்டும். இடையில் துணி மறைத்தாலும் சேறு படிந்தாலும் படிக்க இயலாது. காணாமலே அறிய ஒரு முறை உண்டு. அதுவே வானலை அடையாளம் காணல்; வழக்கில் ஆர்.எஃப்.ஐ.டி. என்பர். சிறு சில்லும் அலைவாங்கியும் சேர்ந்தது வில்லை. அதை வினவும் கருவி படிப்பான். படிப்பான் வானலையை அனுப்புகிறது. வில்லை அந்த அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று விழித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. மின்கலம் இல்லாத இவ்வகை முனைப்பிலா வில்லை எனப்படும். மின்கலம் உள்ளது முனைப்பு வில்லை. சுங்கச்சாவடிகளில் ஊர்திகளின் முகப்புக் கண்ணாடியில் ஒட்டப்படும் ஃபாஸ்டேக் முனைப்பிலா வகையைச் சேர்ந்தது.

இக்கருவிக்கு நம் தீவுகளில் ஓர் அரிய பயன் உண்டு. உலகின் மிகப்பெரிய கடலாமையான ஏழுவரி ஆமை, சின்ன அந்தமான் கரையில் முட்டையிட வருகிறது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இத்தீவுகளின் முட்டையிடும் கரைகள் பலவற்றைச் சிதைத்தது. ஆமைகள் மீண்டும் வருகின்றனவா, வந்தவை பழைய ஆமைகளா, புதியவையா என்று அறிய வேண்டியதாயிற்று. முதுகில் இயற்கை இட்ட ஏழு வரிகள் அவ்வினத்து ஆமைகள் எல்லாவற்றுக்கும் பொது. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய அவை உதவா. எனவே ஆய்வாளர்கள் அரிசி மணி அளவுள்ள வில்லையை ஆமையின் தோள் தசைக்குள் செலுத்தினர். அதில் இருப்பது ஓர் எண் மட்டுமே. ஆண்டுகள் கழித்து அந்த ஆமை கரையேறும்போது படிப்பானை அருகில் காட்டினால் அதே எண் ஒலிக்கும். "இவள் முன்பும் வந்தவள்" என்று குறிப்பேடு சொல்லும்.

ஆமை கடலில் இருக்கும்போது இந்த வில்லை பேசாது. படிப்பான் மிக அருகில் இருந்தால்தான் அது விழிக்கும். மேலும், உப்புநீர் வானலையை விழுங்கிவிடும். கடல்வழியை அறிய வேறு கருவி தேவை. 2011 முதல் 2014 வரை சில ஆமைகளின் முதுகில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவியைப் பொருத்தினர். மேலே வந்து மூச்சு விடும்போது அது இருப்பிடத்தைத் தெரிவித்தது. சில ஆமைகள் ஆஸ்திரேலியாவின் மேற்குக்கரை நோக்கியும், சில ஆப்பிரிக்காவின் கிழக்குக்கரை நோக்கியும் சென்றன. நம் தீவுக் கரையைக் காப்பது இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் ஆற்றும் கடமை என்பதை அந்தப் பயணங்கள் உணர்த்தின.

கருவி அறியாதது

மனிதர் கையால் எழுதாமல் கருவியே குறியைப் படித்துக் கணினியில் சேர்ப்பது தானியங்கு தரவுத் திரட்டல் ஆகும். இது விரைவானது, சலிப்பறியாதது. ஆயினும் குறிக்குள் இருப்பது எண் மட்டுமே. பொருளின் பெயரும் விலையும் இருப்பும் தரவுத்தளத்தில் உள்ளன. அத்தளத்தை நிரப்புபவர் மனிதர்.

எண்ணிப் பார்ப்போம். ஒரு தீவில் மருந்துக் கிடங்கு ஒன்று உள்ளது. காய்ச்சல் மருந்து 20 பெட்டி இருப்பதாகக் கணினி காட்டுகிறது. அலமாரியிலோ 12 பெட்டிகளே உள்ளன. எட்டுப் பெட்டிகளை எடுத்தவர் அவசரத்தில் அவற்றை வருடியில் காட்டவில்லை. கணினியை நம்பியவர் புதிய மருந்தும் கேட்கவில்லை. பெருநிலத்து ஊர் என்றால் மாலைக்குள் வண்டி வந்துவிடும். மாயாபந்தர் போன்ற ஊருக்கோ, சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் அளவில் கடல் கடந்து, பின் ஸ்ரீவிஜயபுரத்திலிருந்து நெடுஞ்சாலை வழியே சரக்கு வர வேண்டும். வருடி எந்தப் பிழையும் செய்யவில்லை. அதற்குக் காட்டப்படாததை அது எப்படி அறியும்? எனவேதான் நல்ல கிடங்குகளில் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை மனிதர் கையால் எண்ணிக் கணக்கோடு ஒப்பிடுகின்றனர்.

மற்றொன்றும் உண்டு. பொருளுக்கு வில்லை இடலாம், ஆமைக்கும் இடலாம். மனிதர் ஏந்தும் அட்டையில் வில்லை இருந்தால், அவர் எப்போது எங்கே சென்றார் என்பதும் பதிவாகிவிடும். அப்பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்பது நம் உரிமை. தனிமறைவு அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது.

கருவி எண்ணைப் படிக்கும். அந்த எண்ணுக்குப் பின்னே உள்ள உண்மைக்கு மனிதரே பொறுப்பு.

சொல்லும் பொருளும்

பொறித்தல் – அழுத்திப் பதித்தல்
சுங்கம் – பொருள்மீது கொள்ளும் வரி
தரவு – திரட்டிய செய்தி, எண் முதலியவை
தரவுத்தளம் – தரவுகளை முறைப்படுத்தி வைத்த தொகுப்பு
சில்லு – கணினிப் பொருள்களில் உள்ள நுண்ணிய மின்னணுத் துண்டு
இருப்பு – கையில் மீதமுள்ள பொருளின் அளவு
ஆழிப்பேரலை – சுனாமி

சொல் பிறந்த வழி

வருடுதல் என்றால் மெல்லத் தடவுதல். கோடுகளை ஒளியால் தடவுவதால் அக்கருவி வருடி ஆயிற்று. வருடு + இ = வருடி. இவ்வாறே உணர் + இ = உணரி. அழிக்கும் பொருளை அழிப்பான் என்கிறோம். அதுபோலப் படிக்கும் கருவி படிப்பான். புதிய கருவி வரும்போது அது செய்யும் தொழிலைக் கண்டால் தமிழ்ப்பெயர் கிடைத்துவிடும்.

பட்டை + குறியீடு = பட்டைக்குறியீடு. இங்கே க் என்னும் வல்லினம் மிகுந்தது.

பயிற்சி

அ. பொருத்தமான சொல்லால் நிரப்புக.

1. கோடுகளை ஒளியால் படிக்கும் கருவி ________.
2. மின்கலம் இல்லாத வில்லை ________ வில்லை எனப்படும்.
3. புலிச் சின்னம் பொறித்த துறைமுகத்தைக் காட்டும் நூல் ________.

ஆ. சுருக்கமாக விடை எழுதுக.

1. 890 என்று தொடங்கும் எண் எதை உணர்த்தும்? எதை உணர்த்தாது?
2. ஏழுவரி ஆமைகளை அவற்றின் வரிகளைக் கொண்டு பிரித்தறிய இயலாதது ஏன்?
3. மருந்துக் கிடங்கில் நேர்ந்த பிழை யாருடையது? உம் விடைக்குக் காரணம் தருக.

இ. கணக்கிடுக.

1. 890111222333 என்னும் இலக்கங்களுக்கு உரிய சரிபார்ப்பு இலக்கம் யாது?
2. அடுத்தடுத்துள்ள 1, 6 என்னும் இலக்கங்கள் இடம் மாறினால் சரிபார்ப்பு இலக்கம் அப்பிழையைக் காணுமா? கணக்கிட்டுக் காட்டுக.

ஈ. செய்து பார்க்க.

வீட்டில் உள்ள ஐந்து பொருள்களின் பட்டைக்குறியீட்டு எண்களைக் குறித்துக்கொள்க. ஒவ்வொன்றிலும் சரிபார்ப்பு இலக்கம் பொருந்துகிறதா என்று பார்க்க. பின்னர் அப்பொருள்கள் எங்கே செய்யப்பட்டவை, எவ்வழியே மாயாபந்தர் வந்திருக்கும் என்று பெற்றோரிடம் தமிழில் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.