நிலத்தொடர்பு: இல்லத்திற்கும் தறிக்கும் ஏற்ற காப்பு

சங்கக் கடனுதவியால் வாங்கப்பெற்ற ஜக்கார்டு தூக்கும் மோட்டாரைப் பார்வையிடும் பொருட்டு, சின்னாட்களுக்கு முன் உறுப்பினர் ஒருவரது இல்லத்திற்கு நாம் சென்றிருந்தோம். ஆவணங்கள் ஒழுங்காக இருந்தன. தறியும் நன்கு ஓடிற்று. ஆயினும், குழித்தறியில் அமர்ந்திருந்த நெசவாளர் ரப்பர் செருப்பணிந்து, காலடியில் பழஞ்சாக்கும் விரித்திருந்தது நம் கண்ணிற் பட்டது. காரணம் வினவினோம்.

"மழை நாளில் மோட்டார்ச் சட்டத்தைத் தொட்டால் சுருக்கென்கிறது, ஐயா. செருப்புப் போட்டுக்கொண்டால் ஒன்றும் தெரிவதில்லை" என்றார். அவர் மனைவியாரும், கிரைண்டரில் மாவரைக்கும்போது மணைப்பலகைமீது நிற்பதாகக் கூறினார்.

மின்பணியாளர் ஒருவரை வரவழைத்துச் சுவிட்சுப் பலகையைத் திறந்து பார்க்கச் செய்தோம். மூன்று துளைப் பிளக்கில் பெரிய துளைக்குக் கம்பியே இல்லை. கொல்லையில் நட்டிருந்த எர்த் குழாயினின்று வந்த கம்பியோ துருப்பிடித்து அறுந்து கிடந்தது. அன்பர்களே, 'சுருக்' என்பது மின்சாரம் நமக்கு விடுக்கும் எச்சரிக்கை. செருப்பும் பலகையும் அவ்வெச்சரிக்கையை மறைக்குமேயன்றி, அபாயத்தை நீக்கா.

எர்த் கம்பி செய்யும் வேலை

மோட்டாரினுள் சுற்றப்பட்ட கம்பியின் காப்புறை தேய்ந்தால், அதன் இரும்புடல் 230 வோல்ட்டைத் தாங்கி நிற்கும். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று அதனைத் தொடுவோரின் உடல் வழியே அம்மின்சாரம் மண்ணை அடையும். உடலின் தடையை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொண்டால், பாயும் மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியர். இது இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் போக்க வல்லது. குழித்தறியின் மண்ணில் கால் வைத்திருப்போரும், சேற்றில் நின்று பம்புசெட்டை இயக்குவோரும் இதனை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

இரும்புடலை மண்ணோடு கம்பியால் இணைத்துவிட்டால், கசியும் மின்சாரத்திற்கு வேறொரு வழி கிடைக்கிறது. பிளக்கின் மூன்றாவது முள் மற்றவற்றினும் நீண்டிருப்பதன் காரணமும் இதுவே: செருகுகையில் அது முதலிற் பொருந்தும், கழற்றுகையில் இறுதியில் விடுபடும். அம்முள்ளை ஒடித்துவிட்டு இருதுளைப் பிளக்கில் செருகுவோர், தம் காவலைத் தாமே அகற்றுவோராவர்.

குழாய் மட்டும் போதுமா?

போதாது. ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நம் எர்த் குழாயின் தடை 20 ஓம் என்றும், ஊர் மின்மாற்றியின் எர்த் தடை 3 ஓம் என்றும் கொள்வோம். 230 வோல்ட்டை 23 ஓமால் வகுத்தால் 10 ஆம்பியர். வீட்டிலுள்ள எம்.சி.பி. 16 ஆம்பியருடையதாயின், அது விழாது. இயந்திரத்தின் உடலோ ஏறத்தாழ 200 வோல்ட்டில் நின்றுகொண்டே இருக்கும்.

எனவே ஆர்.சி.சி.பி. எனும் மின்கசிவுத் துண்டிப்பானும் வேண்டும். சென்ற மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என அது ஒப்புநோக்கும்; வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டிக்கும். நம் கூட்டுறவுக் கணக்கில் வரவும் செலவும் ஒவ்வாதபோது பேரேட்டை நிறுத்தி ஆராய்வது போன்றதே இது. எர்த் கம்பி இருப்பின், பழுது தோன்றிய கணமே அது விழும். இல்லையேல், ஒருவர் தொட்ட பின்னரே விழும். ஆதலின் இரண்டும் சேர்ந்தே காப்பு.

உலோகங்களை ஒன்றாய்ப் பிணைத்தல்

மின்கம்பிமீது அமரும் காக்கைக்குத் தீங்கு நேர்வதில்லை. அதன் இரு கால்களும் ஒரே மின்னழுத்தத்தில் உள்ளன. அதுபோல, வீட்டிலுள்ள இரும்பு நீர்க்குழாய், மோட்டார்ச் சட்டம் முதலியவற்றைத் தலைமை எர்த் முனையோடு கம்பியால் பிணைத்தால், ஒரு கை ஒன்றையும் மறுகை மற்றொன்றையும் தொடினும் அவற்றிடையே ஆபத்தான வேறுபாடு எழாது. ஆனால் நீர்க்குழாயையே எர்த்தாகக் கொள்ளலாகாது. இடையில் ஒரு துண்டு பி.வி.சி. குழாய் மாற்றப்பட்டால் தொடர்பு அறுந்துபோம்.

தவிர்க்க வேண்டிய குறுக்கு வழி

எர்த் இல்லாதவிடத்துப் பிளக்கின் பெரிய துளையை நியூட்ரலோடு இணைத்து வைப்பார் சிலர். இது பெருங்கேடு. நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுபட்டால், பழுதே இல்லாத கிரைண்டரின் உடலும் மின்னேறி நிற்கும்.

செய்யத்தக்கவை

1. எர்த் குழாய் குறைந்தது 2.5 மீட்டர் நீளமுடைய துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயாக, 38 மில்லிமீட்டர் உள்விட்டத்திற்குக் குறையாததாக இருத்தல் நன்று. கோடையில் அவ்விடத்திற்கு நீரூற்றி ஈரம் காக்க வேண்டும்.
2. மூன்று ஃபேஸ் மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியே இரண்டு எர்த் இணைப்புகள் வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே இதனை வற்புறுத்தின.
3. ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அது துண்டிப்பானை மட்டுமே சோதிக்கும். எர்த் கம்பியை உரிமம் பெற்ற மின்பணியாளர் கருவி கொண்டு அளக்க வேண்டும்.
4. 'சுருக்' என்றால் அக்கணமே மெயினை நிறுத்துக. செருப்பைத் தேடற்க.

தனித்தனியே அழைத்தால் செலவு மிகும். சங்கத்தின் நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றி, ஒரு மின்பணியாளரைக் கொண்டு உறுப்பினர் இல்லங்கள் யாவற்றையும் ஒருசேரச் சோதிக்கச் செய்தால், செலவு குறையும். எளியோர் இல்லமும் விடுபடாது. கடன் கொடுத்து மோட்டார் வாங்குவித்த சங்கம், அம்மோட்டாரால் ஓர் உயிருக்கும் தீங்கு நேராமல் காப்பதும் தன் கடனென்று கொள்ளுதல் முறையன்றோ?

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. எர்த் குழாய் இருந்தும் எம்.சி.பி. விழாதிருப்பது ஏன்?
2. எர்த் துளையை நியூட்ரலோடு இணைப்பதன் தீங்கு யாது?
3. நும் இல்லத்து எர்த் கம்பியை இறுதியாகச் சோதித்தது எப்போது?