கழுத்தில் நோய், கல்லீரலில் அடையாளம்

மழைக்காலம் வந்துவிட்டால் மும்பையில் மஞ்சள் காமாலையும் கூடவே வந்துவிடும். குடிதண்ணீரில் சாக்கடை நீர் கலப்பதால் பரவும் ஏ, இ வகை வைரஸ்களே இதற்குப் பெரும்பாலும் காரணம். நம்மவர்கள் உடனே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு மராத்திய அம்மா காமாலைக்கென்று மந்திரித்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்வார். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். பெயர் என்னவோ கீழாநெல்லிக்கும் மாலைக்கும் போய்ச் சேருகிறது, போகட்டும்.

இந்தக் கட்டுரை அந்தக் காமாலையைப் பற்றியதல்ல. வைரஸ் பரிசோதனையில் ஒன்றுமில்லை, குடிப்பழக்கம் கிடையாது, பித்தப்பையில் கல்லும் இல்லை. ஆனாலும் பரிசோதனைத் தாளில் எஸ்.ஜி.பி.டி.யும் ஆல்கலைன் பாஸ்படேஸும் ஏறியிருக்கின்றன. சில சமயம் கண்ணிலும் லேசான மஞ்சள். இப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் கோளாறு தொடங்கிய இடம் வயிற்றின் வலப்புறம் அல்ல, கழுத்தின் முன்புறம். அங்கே வண்ணத்துப்பூச்சியின் வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருக்கும்.

தைராய்டு என்றாலே நம் வீடுகளில் உடம்பு பெருப்பது, சோர்வு, காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை என்றுதான் நினைக்கிறோம். அது சுரப்பு குறைவதால் வருவது. அதற்கு நேர்மாறானது மிகைச் சுரப்பு. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும். இதயம் படபடக்கும். கையை நீட்டினால் விரல்கள் நடுங்கும். அடிக்கடி மலம் போகும். தூக்கம் குறையும், எரிச்சல் கூடும், மாதவிலக்கு குறையும். வெயிலும் தாங்க முடியாது. ஆனால் மும்பையில் மே மாதத்தில் யாருக்குத்தான் தாங்க முடிகிறது? அதனால் இந்த அறிகுறியை இங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை.

மிகைச் சுரப்புக்கு முக்கியக் காரணமான நோய்க்கு கிரேவ்ஸ் நோய் என்று பெயர். டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-ல் இதை விவரித்து எழுதினார். உடலின் எதிர்ப்புச் சக்தியே வழிதவறி, சுரப்பியை ஓயாமல் தூண்டிவிடுவதுதான் இந்நோய். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது. இந்நோயில் கல்லீரலும் கெடுகிறது என்பது புதிய செய்தி அல்ல. லண்டன் மருத்துவர் ஹேபர்ஷன் 1874-லேயே அதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மாட்டுங்காவில் வசிக்கும் நாற்பத்திரண்டு வயதுக் குடும்பத் தலைவி ஒருவர் மூன்று மாதத்தில் ஆறு கிலோ இளைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகேஷ்வரி உத்யானைச் சுற்றிக் காலையில் உடன் நடப்பவர்கள், ‘மாமி, எப்படி இப்படி இளைச்சேள்?’ என்று மெச்சுகிறார்கள். கொலஸ்ட்ரால் பார்த்தால் அதுவும் குறைந்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தைராய்டு மிகுந்தால் கொலஸ்ட்ரால் குறையும் என்பது யாருக்கும் தெரியவில்லை. பிறகு உடம்பெல்லாம் அரிப்பு வருகிறது, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் ஏறியிருக்கின்றன. உடனே பத்தியம், கரும்புச்சாறு, கல்லீரல் டானிக். இன்னும் இரண்டு மாதம் போகிறது. டி.எஸ்.எச். என்ற ஒரே ஒரு பரிசோதனை இந்த வைத்தியத்தை எல்லாம் முதல் வாரத்திலேயே நிறுத்தியிருக்கும். மாட்டுங்கா மாமிக்கு நேர்வது தாராவி அண்ணாச்சிக்கும் நேரலாம். அவர் ஆண் என்பதால் தைராய்டு நினைவுக்கு வர இன்னும் நாளாகும், அவ்வளவுதான்.

கல்லீரல் ஏன் கெடுகிறது?

தைராய்டு ஹார்மோனும் கல்லீரலும் கொடுக்கல் வாங்கல் உள்ள இரண்டு வீடுகள் போல. சுரப்பி பெரும்பாலும் டி-4 என்ற வடிவத்தில்தான் ஹார்மோனை அனுப்புகிறது. அதை வீரியமுள்ள டி-3 ஆக மாற்றும் முக்கிய இடங்களில் ஒன்று கல்லீரல். ஹார்மோனை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதங்களைச் செய்வதும், வேலை முடிந்த ஹார்மோனைப் பித்தநீர் வழியாக வெளியேற்றுவதும் கல்லீரல்தான். எனவே ஹார்மோன் பெருகும்போது அதன் சுமை நேராகக் கல்லீரலின் தலையில் விழுகிறது.

முதல் சேதம் பிராணவாயுப் பற்றாக்குறையால் வருகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரலுக்குள் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு குடலைச் சுற்றி, அங்கே கொஞ்சம் பிராணவாயுவைக் கொடுத்துவிட்டு வரும் ரத்தம். மிகைச் சுரப்பில் கல்லீரல் உயிரணுக்கள் வழக்கத்தைவிட அதிகப் பிராணவாயு கேட்கின்றன. ரத்தவரத்து அதற்கேற்ப உயர்வதில்லை. இதைப் புரிந்துகொள்ள நம் சால் வீடுகளில் குழாய்த் தண்ணீர் வரும் நேரத்தை நினைத்தால் போதும். மெயின் குழாய்க்கு அருகில் இருப்பவர்கள் எல்லாம் மோட்டார் போட்டு இழுத்தால் கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். கல்லீரலின் ஒவ்வொரு சிறு கூறிலும் ரத்தம் ஓரத்தில் நுழைந்து நடுவிலுள்ள சிரையை நோக்கிப் போகிறது. அந்த நடுச் சிரையை ஒட்டிய உயிரணுக்கள்தான் கடைசி வீட்டுக்காரர்கள். முதலில் வாடுவதும் அவைதான். அவை சேதப்படும்போது உள்ளே இருக்கும் நொதிகள் ரத்தத்தில் கசிகின்றன. தாளில் எண் ஏறுகிறது.

இதயம் இன்னொரு வழி. நாட்பட்ட மிகைச் சுரப்பில், குறிப்பாக வயதானவர்களுக்கு, நாடித்துடிப்பு தாறுமாறாகி இதயம் களைத்துப்போகலாம். அப்போது ரத்தம் பின்னால் தேங்கிக் கல்லீரல் வீங்கும், காலும் வீங்கும், காமாலையும் வரலாம். வயதானவர்களிடம் நடுக்கமோ படபடப்போ வெளியில் தெரியாமல், இளைப்பும் சோர்வும் மட்டுமே இருப்பதும் உண்டு. ஊரிலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும் பாட்டி வாடிப்போனால், ‘ஊர் ஞாபகம், மும்பைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிடாமல் இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இவை தவிர, எதிர்ப்புச் சக்தி சுரப்பியைத் தாக்கியது போலவே சிலருக்குக் கல்லீரலையும் தனியே தாக்குவதுண்டு. அதைக் கண்டறியத் தனிப் பரிசோதனைகள் இருக்கின்றன.

சிகிச்சை தொடங்காத மிகைச் சுரப்பு நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதாவதொரு கல்லீரல் எண் மாறியிருக்கக் காணலாம். பயப்பட வேண்டாம், பெரும்பாலோருக்கு அது லேசான மாற்றமே. தைராய்டு அடங்கினால் அதுவும் அடங்கும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஆல்கலைன் பாஸ்படேஸ் எலும்பிலிருந்தும் வருகிறது. மிகைச் சுரப்பு எலும்பையும் அரிப்பதால், தைராய்டு சரியான பிறகும் எலும்பு தேறி வரும் சில மாதங்களுக்கு அந்த எண் உயர்ந்தே இருக்கலாம். அதைக் கண்டு கல்லீரல் இன்னும் கெட்டுவிட்டதாக எண்ணக்கூடாது.

நோயா, மருந்தா?

சிக்கல் இங்கேதான். மிகைச் சுரப்பை அடக்க நம் நாட்டில் வழக்கமாகத் தரப்படுவது கார்பிமசோல். உடலுக்குள் போனதும் அது மெத்திமசோலாக மாறி வேலை செய்யும். மெத்திமசோலாகவே தரும் மாத்திரையும் உண்டு. பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை சாப்பிட வேண்டியிருக்கும். நல்ல மருந்துதான், ஆயினும் மிகச் சிலருக்குக் கல்லீரலில் பித்தநீர் தேங்கச் செய்கிறது. அரிப்பு, கறுத்த சிறுநீர், வெளுத்த மலம், கண்ணில் மஞ்சள் ஆகியவை அதன் அடையாளங்கள். இது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் நேரும். புரோபைல்தையோயுராசில் என்ற இன்னொரு மருந்து கல்லீரல் உயிரணுக்களையே அழிக்கக்கூடியது. மாற்றுக் கல்லீரல் தேவைப்படும் அளவுக்கும், சில சமயம் மரணம் வரையிலும் போனதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2010-ல் அதன் மீது மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. குழந்தைகளுக்கு அதைத் தவிர்க்கிறார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் மட்டும், கார்பிமசோல் சிசுவின் உறுப்புகளைப் பாதிக்கலாம் என்பதால், அதுவே விரும்பப்படுகிறது.

ஆக, நோயும் கல்லீரலைக் கெடுக்கலாம், நோய்க்குத் தரும் மருந்தும் கெடுக்கலாம். நோயால் கெட்டிருந்தால் மாத்திரை சாப்பிடச் சாப்பிட எண்கள் இறங்கும். மருந்தால் கெட்டிருந்தால் மாத்திரையை நிறுத்தினால்தான் இறங்கும். செய்ய வேண்டியது ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டையும் பிரித்தறிய டாக்டருக்குத் துணை செய்வது ஒரே ஒரு தாள்: முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன் எடுத்த கல்லீரல் பரிசோதனை. அது கையில் இருந்தால், பிறகு வரும் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் யூகம்தான். சிகிச்சைக்கு முன்பே எஸ்.ஜி.பி.டி. இயல்பின் உச்ச அளவைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தால், மாத்திரையைத் தொடங்கலாமா என்பதையே மருத்துவர் மறுபடி யோசிப்பார்.

இந்தத் தாள் நம் குடும்பங்களில் எங்கே இருக்கும் என்பது தெரிந்த கதை. சிகிச்சை திருநெல்வேலியில் தொடங்கியிருக்கும், தாள் அங்கே பீரோவுக்குள் இருக்கும், நோயாளி கிங்ஸ் சர்க்கிளில் இருப்பார். மே மாத விடுமுறையில் இதற்கு எதிர்மாறாக நடக்கும்; மாத்திரையும் ஊரில் தீர்ந்துபோகும். பழைய ரிப்போர்ட்டுகள் அத்தனையையும் ஒரு கோப்பில் போட்டு, ரயில் டிக்கெட்டோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். செல்போனில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

மாத்திரை சாப்பிடுகிறவர் மனதில் வைக்க வேண்டிய இன்னொன்று காய்ச்சலும் தொண்டை வலியும். ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இம்மருந்து வெள்ளணுக்களைத் திடீரென்று குறைத்துவிடும். ஆகவே தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். காமாலை அடையாளம் கண்டாலும் அப்படியே: நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். மற்றபடி, ‘இந்த மாத்திரை லிவரைக் கெடுக்குமாமே’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்பிவிடும், கல்லீரலுக்கு மறுபடி அடி விழும்.

நாட்டு மருந்துகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். உடம்பு தேற என்று பலர் சாப்பிடும் அமுக்கராக் கிழங்குச் சூரணம் சிலருக்குத் தைராய்டு ஹார்மோனை ஏற்றியதும், சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்ததும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. கொரோனாக் காலத்தில், 2020 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில், சீந்தில் கொடி சாப்பிட்டு வந்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு கண்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. வாதம் ஒருபுறம் இருக்கட்டும். எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை கல்லீரலைக் கெடுப்பதில்லை. ஆனால் பரிசோதனையையே ஏமாற்றி, தைராய்டு மிகுந்திருப்பது போலக் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்த வேண்டும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. அறுவை சிகிச்சை உண்டு; கதிரியக்க அயோடின் உண்டு. இரண்டாவதில் மும்பைக்குத் தனி இடம் இருக்கிறது. செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் உள்ள, இன்று பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று வழங்கும் நிறுவனம், 1963-லேயே பரேலில் கதிர்வீச்சு மருத்துவ மையத்தைத் தொடங்கியது. டாடா நினைவு மருத்துவமனையின் துணைக் கட்டடத்தில் அது இயங்குகிறது. மாட்டுங்கா ஸ்டேஷனில் ஸ்லோ வண்டி ஏறினால் தாதரை அடுத்து பரேல். அணுகுண்டையும் மின்சாரத்தையும் மட்டுமே டிராம்பேயோடு சேர்த்து நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

குடிக்கும் திரவமாகவோ குளிகையாகவோ தரப்படும் அந்த அயோடினைச் சுரப்பி தானே உறிஞ்சிக்கொள்ளும். அதன் கதிர் சுரப்பியின் மிகையான உயிரணுக்களை அழிக்கும். பலன் தெரியச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். பெரும்பாலோருக்குப் பின்னால் சுரப்பு குறைந்து, தினமும் தைராக்சின் மாத்திரை தேவைப்படும். அது கல்லீரலுக்குச் சுமையாகாத எளிய வைத்தியம். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் கதிரியக்க அயோடின் தரவே மாட்டார்கள். எடுத்துக்கொண்ட பெண் ஆறு மாதமாவது கருத்தரிக்கக் கூடாது.

இந்த அயோடினின் வீரியம் எட்டு நாளில் பாதியாகக் குறையும். அதுவரை சில நாட்கள் தனியே படுக்க வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கி இருக்கக் கூடாது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் தாராவி வீட்டில் இது எப்படி முடியும் என்ற கேள்வியை வெட்கப்படாமல் மருத்துவமனையில் முன்கூட்டியே கேளுங்கள். கொடுக்கும் அளவைப் பொறுத்து எத்தனை நாள் என்று அவர்கள் சொல்வார்கள். குழந்தைகளை அந்த நாட்களுக்குச் சித்தி வீட்டிலோ அத்தை வீட்டிலோ விடுவதற்கு முன்னதாகவே ஏற்பாடு செய்துகொண்டு தேதி வாங்கலாம்.