வாயில் காக்கும் தோழன்

பள்ளி விட்டு வீடு திரும்பும் வழியில், தாமான் வீடுகளின் இரும்புக் கதவுகளில் “அவாஸ் அஞ்சிங்” என்று சிவப்பு எழுத்தில் எழுதித் தொங்கவிடப்பட்ட பலகைகளை நீங்கள் நாள்தோறும் காண்கின்றீர்கள். அப்பலகையைக் கண்டதும் சிலர் சாலையின் மறுபுறம் ஒதுங்கிச் செல்கின்றனர். வேறு சிலர், சொல்லவே வருத்தமாக இருக்கின்றது, கம்பிக் கதவின்மீது குச்சியை உரசிக்கொண்டே ஓடி, உள்ளே இருக்கும் நாய் துள்ளிக் குரைப்பதைக் கண்டு சிரிக்கின்றனர். அக்கதவுக்குப் பின்னால் நிற்கும் பெரிய காவல் நாயைப் பற்றியதே இக்கட்டுரை. அத்தகைய நாயொன்றைக் கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக வளர்த்து வருகின்றேன். முதல் இரண்டு ஆண்டுகள் வளர்க்கத் தெரியாமல் வளர்த்தேன் என்பதனையும் ஒளிக்காமல் கூறிவிடுகின்றேன்.

நாயைக் காவலுக்குத் துணையாகக் கொள்வது நம் மக்களுக்குப் புதிய வழக்கமன்று. தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டில், நடப்பட்டது அக்கல். எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்டது அது. அவ்வீரனோடு இருந்த நாயின் பெயரும் அக்கல்லில் வெட்டப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர். அது கள்ளர் இருவரைக் கடித்து, தன் தலைவனைக் காத்து நின்றதாம். வீரனின் உருவத்தோடு நாயின் உருவத்தையும் சிற்பி செதுக்கியிருக்கின்றான். மன்னர்கள் பலருடைய பெயர்களே மறைந்துபோன இவ்வுலகில், 1,300 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாயின் பெயர் நிலைத்து நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்றும் தமிழ்நாட்டில் இராசபாளையம், கோம்பை ஆகிய ஊர்களின் பெயரால் வழங்கும் காவல் நாய் இனங்கள் உள்ளன. இராசபாளையம் நாய் பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்றாக இதுவும் இடம்பெற்றது. நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலோ, காவலுக்கென வளர்க்கப்படும் பெரிய நாய்களுள் அல்சேஷன், ராட்வைலர், டாபர்மேன் என்னும் மூன்றையும் பரவலாகக் காணலாம். மூன்றும் ஜெர்மன் நாட்டில் தோன்றியவை. அல்சேஷன் ஆடு மேய்த்த நாய். ராட்வைலர், ராட்வைல் என்னும் ஊரில் மாடுகளை ஓட்டிச் சென்ற நாய். டாபர்மேனின் வரலாறு வேடிக்கையானது. அப்போல்டா என்னும் ஊரில் வரி தண்டிவந்த டாபர்மேன் என்பவர், பணப்பையோடு தனியே நடக்க அஞ்சித் தமக்குத் துணையாக உருவாக்கிய இனம் அது. ஆகவே, இம்மூன்றும் நாள் முழுவதும் மனிதரோடு சேர்ந்து நடந்து உழைத்த நாய்கள். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நான் செய்த பிழை உங்களுக்கு எளிதில் விளங்கும்.

தோட்டங்களில் வாழ்ந்த நம் பெற்றோர் கண்ட பெரிய நாய் பெரும்பாலும் துரை பங்களாவின் நாயாகவே இருக்கும். லயத்து நாய்கள் வேறு வகை. அவை பெயரளவில் ஒருவருக்குச் சொந்தம். உண்மையில் எல்லார் வீட்டுச் சோற்றுக்கும் சொந்தம். இரவில் புதியவர் ஒருவர் வந்தால் ஒரு லயத்தில் தொடங்கும் குரைப்பு கடைசி லயம் வரை செல்லும். பால்மரக் காட்டில் வெட்டுக்குச் செல்பவர்களோடு விடியற்காலையில் அவையும் நடந்து செல்லும். அவற்றைக் கட்டிப்போட்டவர் யாருமில்லை. பின்னர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. நாமும் லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்தோம். நாய்க்கு இருந்த காடும் மேடும் போய், வாகனம் நிறுத்தும் முன்றில் மட்டுமே மிஞ்சியது.

அத்தகைய முன்றிலுக்குத்தான், இரண்டு மாதக் குட்டியாக ஓர் அல்சேஷனை நான் கொண்டுவந்தேன். மணி என்று பெயரிட்டோம். எட்டு மாதத்தில் அது என் இடுப்புயரம் தாவியது. கணவன் மனைவி இருவருமே வேலைக்குச் செல்பவர்கள். அக்கம்பக்கத்தாருக்கு அச்சம் வேண்டாம் என்று எண்ணி, காலை முதல் மாலைவரை முன்றில் தூணில் சங்கிலியால் பிணைத்து வைத்தேன். இரவில் மட்டும் அவிழ்த்து விடுவேன். பகலில் கட்டி வைத்தால் இரவில் நன்றாகக் காவல் காக்கும் என்று எவரோ கூறியதையும் நம்பினேன். தெருவில் சென்ற பிள்ளைகள் கதவில் குச்சியை உரசினர். அஞ்சல்காரரின் மோட்டார் சைக்கிள் நாள்தோறும் வந்து நின்று சென்றது. ஒவ்வொன்றுக்கும் மணி சங்கிலி இழுபட்டு நிற்கும் வரை பாய்ந்தது. நல்ல காவல் நாய் என்று நான் பெருமைப்பட்டேன்.

ஒரு நாள் மாலை, அடுத்த வீட்டுச் சிறுவன் எங்கள் முன்றிலில் விழுந்த பூப்பந்தை எடுக்க உள்ளே வந்தான். அவனுக்கு வயது ஏழு. தேய்ந்துபோன சங்கிலிக் கொக்கி அன்று அறுந்தது. மணி அவன் முன்கையைக் கவ்வியது. குழாயடியில் சவர்க்காரம் போட்டுப் புண்ணைக் கழுவி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தையல் போடவேண்டியதாயிற்று. வரும் வழியெல்லாம் நாயைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். சிறுவனின் தாயார் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சார், நாயின்மேல் எனக்குக் கோபமில்லை. அதைக் காலை முதல் மாலைவரை கட்டிப்போட்டு வைத்தது யார்?” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் சென்றேன். அவர் விளக்கியதன் சாரம் இது. அஞ்சிய விலங்கிற்கு இரண்டே வழிகள். ஒன்று ஓடுதல், மற்றொன்று தாக்குதல். சங்கிலி முதல் வழியை அடைத்துவிடுகின்றது. ஆகவே, கட்டப்பட்ட நாய்க்கு நெருங்கி வரும் யாவரும் பகைவராகவே தோன்றுவர். தெருவையும் மனிதரையும் அறிந்த நாய், வழக்கமாக நிகழ்வது எது, வழக்கத்திற்கு மாறானது எது என்று பிரித்தறியும். காவல் என்பது அந்தப் பகுத்தறிவே. மேலும், பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரையிலான காலத்தில் குட்டி எவற்றையெல்லாம் கண்டு பழகுகின்றதோ, அவற்றைப் பிற்காலத்தில் அஞ்சுவதில்லை. அந்த வாரங்களில் எங்கள் குட்டி கண்டது ஒரு தூணையும் ஒரு கதவையும்தான்.

அன்றே சங்கிலியைக் கழற்றி எறிந்தேன். வீட்டின் பின்புறத்தில் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் கம்பிவேலி அடைப்பு ஒன்று அமைத்தோம். எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது என் உறக்கத்தைக் குறைத்துக்கொண்டதுதான். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, தோல்வார் பிடித்து, முக்கால் மணி நேரம் நடக்கவேண்டும். மாலையிலும் அவ்வாறே. நடுப்பகலில் 33 பாகை வரை ஏறும் நம் நாட்டு வெப்பத்தில் பெரிய நாயை நடத்திச் செல்வது கொடுமை. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கின்றது. நம் நாட்டுக் காற்றோ ஈரம் மிக்கது. அதில் இவ்வழியும் முழுப்பயன் தருவதில்லை. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் சில நொடிகள் பொறுக்க முடியாத சூட்டை நாயின் பாதமும் பொறுக்காது.

உணவைப் பற்றித் தாய்மார்களுக்கு ஒரு சொல். மிஞ்சிய குழம்புச் சோற்றை நாய்க்கு இடுவது நம் வழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியில் உள்ள சிவப்பணுக்களை அழிப்பன. வெந்த கோழியெலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். சாக்லேட்டும் திராட்சையும் அதற்கு நஞ்சு. எங்கள் வீட்டில் மசாலை சேர்ப்பதற்கு முன்பே கோழியையோ மீனையோ சிறிது வேகவைத்து, எலும்பும் முள்ளும் நீக்கிச் சோற்றோடு பிசைந்து, நாய்த்தீனியும் கலந்து, இருவேளை கொடுக்கின்றோம். ஆழ்ந்த மார்புடைய பெரிய நாய்கள் ஒரே வேளையில் வயிறு முட்ட உண்டு உடனே ஓடியாடினால், இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளக் கூடும். சில மணி நேரத்தில் உயிரையே பறிக்கும் நோய் அது. எனவே உணவிட்ட பின் ஒரு மணி நேரம் ஓய்வு. உண்ணி பொறுக்குவது என் மகளின் வேலை. காதுமடலின் உட்புறத்தையும் விரலிடுக்கையும் அவள் விடுவதில்லை. உண்ணியால் காய்ச்சல் வரும். கொசுவால் இதயப்புழு வரும். இரண்டுக்கும் மாதந்தோறும் மருந்து உண்டு. இவற்றிற்கெல்லாம் பணம் வேண்டும். நாற்பது கிலோ வரை வளரும் நாய்க்கு மருந்தும் அந்த எடைக்கு ஏற்பவே தேவைப்படும். குட்டி வாங்குமுன் பெற்றோர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

வெறிநாய்க்கடி நோயைப் பற்றியும் அறிந்திருத்தல் வேண்டும். 1952-ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலேயே இந்நோய் பரவியது. நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போட்டே அன்றைய அரசு அதனை அடக்கியது. பல ஆண்டுகள் ஓய்ந்திருந்த நோய், 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017-இல் சரவாக்கிலும் தலைகாட்டியது. சரவாக்கில் உயிரிழந்தோர் பலர். ஆகையால், எந்த நாய் கடித்தாலும், சிறு கீறலாயினும், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டில் அடி விழும் என்று அஞ்சி மறைக்காதீர்கள்.

ஊராட்சி மன்றத்தில் நாய்க்கு உரிமம் எடுக்கவேண்டும் என்பதையும், பிட்புல் போன்ற சில இனங்களை நாட்டிற்குள் கொண்டுவரத் தடை உள்ளது என்பதையும் பலர் அறிந்திருப்பர். 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின்படி விலங்கைத் துன்புறுத்துவோர்க்குத் தண்டமும் சிறையும் உண்டு. சட்டத்தைவிட அண்டை வீட்டாரே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றனர். எங்கள் வலப்புற வீட்டார் மலாய்க் குடும்பத்தினர். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மண் கலந்த நீரில் ஒரு முறையும் தூய நீரில் ஆறு முறையும் கழுவித் தூய்மை செய்யவேண்டும். இதனை அறிந்த பின், அவர்கள் வாயிலைக் கடக்கும்போது தோல்வாரைக் குறுக்கிப் பிடிக்கின்றேன். கழிவை அள்ளப் பையில்லாமல் வெளியே செல்வதில்லை. பிரிக்பீல்ட்ஸில் உள்ள உறவினர் இல்லத்திற்கு மணியை ஒரு முறை அழைத்துச் சென்றேன். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால், வெண்கோலைத் தட்டிக்கொண்டு வருவோர் அப்பகுதியில் பலர். நடைபாதையை அவர்களுக்கு விட்டுவிட்டு, நாயை உட்கார வைத்துக் காத்திருந்தேன். அத்தகைய நெருக்கமான இடத்தில், அதுவும் அடுக்குமாடி வீட்டில், இவ்வளவு பெரிய நாயை வளர்க்க எண்ணுவதே தவறு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

தீபாவளி இரவும் சீனப் புத்தாண்டு இரவும் மணிக்குக் கெட்ட இரவுகள். கள்ளனுக்கு அஞ்சாத நாய் பட்டாசுக்கு அஞ்சிக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கின்றது. உட்புற அறையில் மின்விசிறியையும் வானொலியையும் போட்டு, கதவைச் சாத்தி, ஒருவர் உடன் இருக்கின்றோம்.

மாணவர்களே, பிறர் வீட்டு நாயைத் தொட விரும்பினால் முதலில் உரியவரைக் கேளுங்கள். உண்ணும்போதும் உறங்கும்போதும் எந்த நாயையும் அணுகாதீர்கள். பெரிய நாய் எதிர்ப்பட்டால் ஓடவேண்டாம். கைகளைத் தொங்கவிட்டு, கண்ணை நோக்காமல், மரம்போல் நில்லுங்கள். கதவில் குச்சியை உரசும் விளையாட்டு எங்கே போய் முடிந்தது என்பதை மேலே படித்தீர்கள்.

அடுத்த வீட்டுச் சிறுவனோடு மணியை மீண்டும் பழக்குவதற்கு ஏழு மாதம் ஆயிற்று. முதலில் தெருவின் அந்தப் பக்கத்தில் அவன் நிற்க, இந்தப் பக்கத்தில் நாய் உட்கார்ந்திருக்கும். அவன் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வாரத்திற்கு ஓரடியாக நெருங்கி வந்தான். இன்று அவன் இடைநிலைப்பள்ளி மாணவன். முன்கைத் தழும்பு மட்டும் மாறவில்லை. மணிக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது. அல்சேஷனுக்கு அது முதுமை. பின்னங்கால் மூட்டுத் தேய்ந்து, வாசற்படி ஏறத் தடுமாறுகின்றது. இரவில் கதவருகே படுத்துக்கொண்டு காதை மட்டும் நிமிர்த்திப் பார்க்கின்றது. சென்ற மாதம் படியின்மேல் சாய்வாக ஒரு பலகை போட்டோம். அதனை அளவெடுத்து அறுத்துக் கொடுத்தவர் அச்சிறுவனின் தந்தை.